மூச்சு மீட்டருக்குச் சூடு வைக்காதீர்கள்

காய்கறிக் கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ஜனங்கள் நாம். எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று கேட்போம். பெட்ரோல் பங்கில் பூஜ்யம் பார்க்காமல் போட விடமாட்டோம். வேகமாக ஓடுகிற ஆட்டோ மீட்டருக்கு 'சூடு வைத்த மீட்டர்' என்று பேர் வைத்து நக்கலடித்த ஊர் நம்முடையது.

அப்படிப்பட்ட நாமே, ஒரு மனுஷனின் நுரையீரலை அளக்கிறேன் பேர்வழி என்று ஒரு பிவிசி குழாய், ஒரு சென்ஸார், ஒரு ஆர்டுயினோ மூன்றையும் ஒட்டவைத்து, திரையில் ஏதோ ஒரு எண் வந்ததும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். அரைக்கிலோ கத்திரிக்காய்க்கு இருக்கிற மரியாதைகூட மூச்சுக்கு இல்லை.

மேட்டர் இதுதான். பயோமெடிக்கல், ஈசிஈ, இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்று எந்த டிபார்ட்மெண்ட்டின் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்தாலும் 'குறைந்த செலவில் ஸ்பைரோமீட்டர்' என்று ஒன்று இருக்கும். ஐடியா அருமையான ஐடியா, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை பிபிடியின் கடைசி ஸ்லைடோடு. 'துல்லியம்: 99 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எதோடு ஒப்பிட்டு 99 என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் ஒரு நிமிஷம் மின்வெட்டு மாதிரி இருக்கும் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலிபரேஷன் (தமிழில் அளவுத்திருத்தம்) என்பது மீட்டர் செய்து முடித்த பிறகு, நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை. காலிபரேஷன்தான் மீட்டர். அது இல்லாத வரைக்கும் நீங்கள் செய்து வைத்திருப்பது ஊதினால் எண் காட்டும் பொம்மை.

இந்த மீட்டர் எதை அளக்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மூச்சை முடிந்த மட்டும் உள்ளே இழுத்து, முடிந்த வேகத்தில், கடைசிச் சொட்டு வரைக்கும் குழாயில் ஊத வேண்டும். மொத்தம் வெளியே வந்த காற்று எஃப்விசி. முதல் ஒரு விநாடியில் வந்தது எஃப்இவி1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விகிதம். ஆஸ்துமா, சிஓபிடி மாதிரி மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்களில் காற்று மெதுவாகத்தான் வெளியே வரும், அதனால் விகிதம் குறையும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் சிஓபிடி என்பது டாக்டர்கள் பரவலாக வைத்திருக்கும் கோடு. இந்த 70 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற டாக்டர் தன் ஸ்பைரோமீட்டரால் 2,000 பேருக்கு மேல் அளந்து கட்டுரை எழுதினார். அவர் கருவி தண்ணீரில் கவிழ்த்து வைத்த ஒரு பெரிய குவளை. ஊதினால் குவளை மேலே எழும்பும், எவ்வளவு எழும்பியது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டியதுதான். குவளையின் குறுக்களவு தெரிந்தால் லிட்டர் தெரியும். அந்தக் கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னாலும் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம்.

நாம் செய்வது அந்த ஜாதி இல்லை. நம்முடையது காற்றை நேரடியாக அளப்பதே இல்லை. குழாயின் நடுவில் ஒரு குறுகல் வைக்கிறோம். காற்று அதன் வழியாகப் போகும்போது முன்னுக்கும் குறுகலுக்கும் அழுத்த வித்தியாசம் வருகிறது. அந்த வித்தியாசம் சென்ஸாரில் வோல்டேஜ் ஆகிறது. வோல்டேஜ் ஆர்டுயினோவில் எண் ஆகிறது. எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் காற்றின் ஓட்டம், விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று. அதை விநாடி விநாடியாகக் கூட்டிக்கொண்டே போனால் மொத்த லிட்டர். ஆக, லிட்டர் என்று திரையில் வருவது ஐந்தாவது கைக்கு வந்த செய்தி. ஊர் வம்பே மூன்றாவது வாய்க்குப் போகும்போது காது மூக்கு முளைத்துவிடும். இதை மட்டும் அப்படியே நம்ப வேண்டுமாம்.

சூடு வைப்பது எப்படி?

பல ப்ராஜெக்ட்களில் 'காலிபரேஷன்' என்ற பேரில் நடப்பது இதுதான். நண்பன் ஒருவன் ஊதுகிறான். திரையில் 2.6 லிட்டர் வருகிறது. கைடு மூக்கைச் சுளிக்கிறார். "இவன் ஹைட்டுக்கு 3.6 வரணுமேப்பா." அன்று ராத்திரி கோடில் ஒரு வரி முளைக்கிறது: விடையை 1.38ஆல் பெருக்கு. மறுநாள் 3.6 வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். அதே நண்பனை வைத்தே துல்லியத்தையும் கணக்கிட்டால் 99 வராமல் எங்கே போகும்? ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும். ஆட்டோக்காரருக்காவது பத்து ரூபாய் லாபம்.

அந்த 'வரணுமே' எங்கிருந்து வந்தது? உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் போட்டால் 'எதிர்பார்க்கும் அளவு' தரும் சூத்திரங்கள் இருக்கின்றன. அவை ஆயிரக்கணக்கான ஆட்களை அளந்து எடுத்த சராசரி. நல்ல ஆரோக்கியமான ஆள்கூட அந்தச் சராசரியில் 80 சதவீதத்திலும் இருப்பார், 120 சதவீதத்திலும் இருப்பார். உங்கள் நண்பன் இதில் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தானே மீட்டரே செய்கிறோம்?

சூத்திரமும் ஒன்றில்லை. 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய மூச்சு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து சொன்ன வழிமுறையில், ஆசிய அமெரிக்கர் என்றால் வெள்ளையர் அளவை 0.94ஆல் பெருக்கிக்கொள் என்று இருந்தது. அதாவது மெனுவில் இனத்தை மாற்றினால் நீங்கள் 6 சதவீதம் ஆரோக்கியமாகிவிடுவீர்கள்! இதற்கு ஒரு அசிங்கமான பூர்வீகம் உண்டு. 1850களில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் நுரையீரல் 20 சதவீதம் குறைவு என்று ஸ்பைரோமீட்டரைச் சாட்சிக்கு இழுத்து, அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். 'மெஷின் சொல்லுது' என்று சொல்லிவிட்டால் எவ்வளவு பெரிய அயோக்கியத்தனத்துக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டிவிடலாம். இனம் பார்க்காத சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்கச் சங்கம் சொன்னது 2023இல்தான்.

நம்மூருக்கு நார்மல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, சென்னையில் ஆரோக்கியமான இளைஞர்களை உட்காரவைத்து அளந்துதான் 1990இல் தோராக்ஸ் இதழில் எழுதினார்கள். இதுதான் சரியான வரிசை. மீட்டரை வைத்து நார்மலைக் கண்டுபிடிக்க வேண்டும். நார்மலை வைத்து மீட்டரைத் திருத்துவது தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற கதை.

கொஞ்சம் கணக்கு (ஓடாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்)

"சரி, ஒரு பெருக்கல் எண்தானே? அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் போட்டால் தீர்ந்தது" என்பீர்கள். தீராது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவின் உயிர்நாடி.

ஒரு வென்சுரிக் குழாய் எடுப்போம். அகலமான இடத்தில் உள்விட்டம் 22 மில்லிமீட்டர், குறுகலில் 12. சென்ஸார், ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் எம்பிஎக்ஸ்5010டிபி. அது 10,000 பாஸ்கல் வரை அளக்கும், 1,000 பாஸ்கலுக்கு 0.45 வோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும். ஆக ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 11 பாஸ்கல்.

பெர்னூலி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 6 லிட்டர் ஓடும்போது 1,540 பாஸ்கல், அதாவது 142 படிகள். சூப்பர். 1 லிட்டர் ஓடும்போது 43 பாஸ்கல், 4 படிகள். அரை லிட்டர் ஓடும்போது 11 பாஸ்கல், ஒரே ஒரு படி. அதற்குக் கீழே மீட்டருக்குக் கண்ணே தெரியாது.

அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கமாகப் போவதால் வரும் வினை இது. ஓட்டம் பாதியானால் அழுத்தம் காலாகிவிடும். வேகமாக ஊதும்போது பிரமாதமாக வேலை செய்கிற மீட்டர், மூச்சின் கடைசியில் குருடாகிவிடும்.

இன்னொரு கூத்து. பூஜ்யம் ஒரே ஒரு படி தள்ளி நின்றால் என்ன ஆகும்? அந்த ஒரு படியை மீட்டர் விநாடிக்கு அரை லிட்டர் என்று படிக்கும். 6 விநாடி கூட்டினால் 3 லிட்டர். யாருமே ஊதாமல், மேஜை மேல் சும்மா கிடக்கிற மீட்டர் ஒரு முழு மனுஷனின் மூச்சைக் காட்டும்! இந்த சென்ஸாரின் டேட்டாஷீட்டே 0 முதல் 85 டிகிரி வரையில் முழு அளவில் 5 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்கிறது. 10,000இல் 5 சதவீதம் 500 பாஸ்கல். நம் குழாயில் 500 பாஸ்கல் என்றால் விநாடிக்கு 3.4 லிட்டர். ஒவ்வொரு முறை ஊதும் முன்பும் பூஜ்யம் எடுத்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். எத்தனை கோடில் அந்த வரி இருக்கிறது?

இந்தப் பேய் மூச்சுக்குப் பயந்து மக்கள் செய்கிற வேலை: 'இத்தனை படிக்குக் கீழே வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்'. திரை அமைதியாகிவிடும். ரிவ்யூவில் நல்ல பேர் கிடைக்கும். ஆனால் வெட்டி எறிந்தது எது?

வெட்டி எறிந்தது நோயாளியை

இப்போது ஒரு சிஓபிடி நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்விசி 3.5 லிட்டர், எஃப்இவி1 2.1 லிட்டர். விகிதம் 60. கோடு 70. ஆக நோய் இருப்பது தெளிவு. கணக்குக்குச் சுலபமாக, அவர் ஊதும் வேகம் மீதமிருக்கும் காற்றுக்கு ஏற்பச் சீராகக் குறைந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். (நிஜ மூச்சு இவ்வளவு சமர்த்தாக இருக்காது. நோயாளியின் வால் இன்னும் நீளம்.)

விநாடிக்கு அரை லிட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டினால் வாலில் 0.55 லிட்டர் போகிறது. எஃப்விசி 2.95 என்று காட்டும். முதல் விநாடியில் ஓட்டம் வேகமாக இருப்பதால் எஃப்இவி1 அப்படியே 2.1. விகிதம்? 71.

தாண்டிவிட்டார் கோட்டை. வாழ்த்துகள், உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்.

1 லிட்டருக்குக் கீழே வெட்டினால் இன்னும் விசேஷம். எஃப்விசி 2.4க்கு இறங்கும், விகிதம் 87 ஆகும். நல்ல ஆரோக்கியமான வாலிபனின் விகிதம்!

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் 1.38 இங்கே ஒன்றும் செய்யாது என்பது. மேலேயும் கீழேயும் அதே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது, 71 71தான். அதைவிட மோசம், ஆரோக்கியமான நண்பனை வைத்துச் சோதித்தால் இந்தத் தப்பு பெரிதாகத் தெரியவே தெரியாது. அவன் காற்றெல்லாம் வேகமாக வந்து முடிந்துவிடும். 4 லிட்டரும் 83 விகிதமும் உள்ளவனுக்கு வாலில் போவது 0.28 லிட்டர். விகிதம் 89 ஆகும், ஆகட்டுமே, இரண்டும் நார்மல்தான் என்பார்கள். ஆக இந்த மீட்டர் ஆரோக்கியமானவர்களை ஆரோக்கியமானவர் என்கிறது, நோயாளியையும் ஆரோக்கியமானவர் என்கிறது. ஸ்லைடில் மட்டும் 99 சதவீதம்.

"எங்க மீட்டர் ஆஸ்பத்திரி மெஷினோட ஒத்துப்போச்சே!"

அடுத்த வாதம் இது. பத்துப் பேரை ஊதவைத்து, இரண்டு மெஷினின் எண்களையும் கிராஃபில் போட்டு, ஒட்டுறவுக் கெழு 0.95 என்று காட்டுவார்கள். குள்ளமானவருக்கு இரண்டிலும் குறைவு, உயரமானவருக்கு இரண்டிலும் அதிகம் என்றால் கெழு தானாக உயரும். ஒரு மீட்டர் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டினால்கூட கெழு 1 வரும்!

1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் லான்செட் இதழில் இதைத்தான் உடைத்துக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? மூச்சு மீட்டர்தான்! பெரிய ரைட் பீக் ஃப்ளோ மீட்டரையும் மினி ரைட்டையும் 17 பேரிடம் ஒப்பிட்டார்கள். கெழு 0.94. பார்க்க அமோகம். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு மீட்டரும் காட்டும் வித்தியாசம் நிமிஷத்துக்குச் சுமார் 80 லிட்டர் குறைவில் இருந்து 76 லிட்டர் அதிகம் வரை போகலாம் என்று வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் கருவியை வைத்தே சொன்ன பாடம். நாம் இன்னும் கெழுவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 1959இல் வந்த ரைட் மீட்டரின் ஸ்கேல் உலகமெங்கும் வேதவாக்காக இருந்தது. பிறகு ஓட்டத்தைத் துல்லியமாக உண்டாக்கும் பம்ப்பை வைத்துச் சோதித்தபோது நடுப்பகுதியில் அதிகமாகக் காட்டுவது தெரிந்தது. 2004இல் ஐரோப்பாவில் ஸ்கேலையே மாற்றினார்கள். ஒரு ஸ்கேலை நம்பி தலைமுறை தலைமுறையாக ஆஸ்துமாக்காரர்கள் சார்ட் போட்டிருக்கிறார்கள். காசு கொட்டிச் செய்த மீட்டருக்கே நடுப்பகுதியில் வளைவு இருந்தது என்றால், நம் குழாய் ஒரே நேர்க்கோட்டில் போகும் என்று நம்புவது எந்த ஊர் நியாயம்?

"காசு எங்கே இருக்கு?"

இதுதான் பெரிய சாக்கு. ஆஸ்பத்திரிகளில் காலிபரேஷனுக்கு 3 லிட்டர் சிரிஞ்ச் என்று ஒன்று வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதை ஸ்பைரோமீட்டரில் செருகி மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று குறைந்தது மூன்று முறை அழுத்துவார்கள். 2019 வழிமுறைப்படி விநாடிக்கு 0.5 முதல் 12 லிட்டர் வரை உள்ள வெவ்வேறு வேகங்களில் 3 சதவீதத்துக்குள், அதாவது 2.91 முதல் 3.09க்குள் வரவேண்டும். அந்த சிரிஞ்ச் விலை ஜாஸ்திதான். யாரும் அதை வாங்கச் சொல்லவில்லை. மீட்டரையே வீட்டில் செய்கிற ஆட்களுக்கு ஒரு சிரிஞ்ச் செய்யத் தெரியாதா?

பிளம்பிங் கடையில் 4 இஞ்ச் பிவிசி பைப் ஒரு துண்டு. 110 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது வெளிவிட்டம், உள்விட்டம் இல்லை. உள்ளே 104 இருந்தால் 35.3 சென்டிமீட்டர் தள்ளினால் 3 லிட்டர். ஆனால் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் தப்பினால் கொள்ளளவில் 2 சதவீதம் போய்விடும். அதனால் ஸ்கேலை நம்பாமல், ஒரு முனையை அடைத்து, தள்ளப்போகும் நீளத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை எடை போடுங்கள். 1 கிலோ என்றால் 1 லிட்டர். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசு போதும், முத்திரை உள்ளதாகப் பார்த்து! பிஸ்டனுக்கு மரவட்டம், சுற்றிலும் ரப்பர் வாஷர், கொஞ்சம் கிரீஸ். வாயை அடைத்து பிஸ்டன் மேல் ஒரு செங்கல் வைத்துக் காத்திருங்கள். செங்கல் இறங்கிக்கொண்டே போனால் கசிவு.

பிறகு அரை விநாடியில், ஒரு விநாடியில், மூன்று விநாடியில், ஆறு விநாடியில் என்று அதே 3 லிட்டரைத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளும்போது 3, மெதுவாகத் தள்ளும்போது 1.8 என்று வந்தால் உங்கள் மீட்டரின் ஜாதகம் கையில் இருக்கிறது.

மூச்சின் வாலுக்கு இன்னும் எளிய வழி: 20 லிட்டர் தண்ணீர் கேன். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் குழாய்த் தண்ணீர் உள்ளே போகட்டும், மற்றதில் உங்கள் மீட்டர். உள்ளே போகிற தண்ணீர் அதே அளவு காற்றை வெளியே தள்ளும். 30 விநாடியில் 10 கிலோ ஏறினால் விநாடிக்கு 0.33 லிட்டர். மேலே சொன்ன மீட்டரை இதில் மாட்டினால் ஒன்றும் காட்டாது. அந்த 'ஒன்றும் காட்டாது'தான் ரிசல்ட். அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பிறகு 500 பாஸ்கல் வரை மட்டும் அளக்கும் நுண்ணிய சென்ஸாருக்கும், குறுகலுக்குப் பதில் மெல்லிய வலைக்கும் மாறுங்கள். வலையில் அழுத்தம் ஓட்டத்துக்கு நேர் விகிதத்தில் போகும், வர்க்கமூலத் தொல்லை இல்லை. 1925இல் ஃபிளைஷ் மெல்லிய குழாய்க் கட்டை வைத்துச் செய்த தந்திரமும் இதே வகைதான்.

சின்ன விஷயங்கள் மூன்று, வேகமாக. ஒன்று, மவுத்பீஸும் ஃபில்டரும் மாட்டிய நிலையிலேயே காலிபரேட் செய்யுங்கள். முன்னால் இருக்கும் ஒரு வளைவுகூடக் காற்றோட்டத்தை மாற்றும். இரண்டு, அந்த மவுத்பீஸை ஆளுக்கு ஒன்று வையுங்கள். காசநோய் உள்ள நாட்டில் கிளாஸ் முழுக்க ஒரே குழாயில் ஊதுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மூன்று, வெப்பநிலை. நுரையீரலில் காற்று 37 டிகிரியில் ஈரமாக இருக்கும், வெளியே வந்து ஆறினால் சுருங்கும். 22 டிகிரி ஏசி லேபில் முழுக்க ஆறிய மூச்சை 1.09ஆல் பெருக்கித்தான் நுரையீரல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 35 டிகிரி வராந்தாவில் 1.01 போதும். அறை மாறினாலே 8 சதவீதம்! சிரிஞ்சில் இருப்பது அறைக்காற்று, அதற்கு இந்தப் பெருக்கல் கூடாது. இதைக் கலந்துகட்டி அடிக்கிற கோடுகள் எக்கச்சக்கம்.

"வெறும் ப்ராஜெக்ட்தானே, விடேன்!"

விடலாம், அது வெறும் ப்ராஜெக்ட்டாகவே அலமாரியில் தூங்கினால். தூங்குவதில்லை. கோடு இணையத்துக்குப் போகிறது. அடுத்த வருஷ ஜூனியர் 1.38ஐ அப்படியே காப்பி அடிக்கிறான், வேறு குழாயில். முடிவுரையில் 'கிராமப்புற முகாம்களுக்கு ஏற்றது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கிராமத்து ஆளுக்கு இது போதும் என்று யார் முடிவு செய்தது? அவர்தான் இரண்டாவது டெஸ்ட்டுக்கு டவுனுக்குப் போக முடியாதவர். தப்பான எண்ணைத் திருத்திக்கொள்ள வழியே இல்லாத ஆளிடம்தான் திருத்தாத மீட்டரைக் கொண்டுபோகிறோம்.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகள் எத்தனை! பஞ்சுத் தூசியால் பிசினோசிஸ் என்ற நோய் வரும். லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அதைப் பிடிக்க ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எஃப்இவி1 எடுத்து ஒப்பிடுவார்கள். தேடுகிற வித்தியாசமே 5, 10 சதவீதம்தான். 3 லிட்டர் உள்ள பெண்ணுக்கு 5 சதவீதம் என்றால் 150 மில்லி, கட்டிங் டம்ளரில் ஒன்றரை டீ. காலையில் குளிர், மதியம் சூடு என்று அறை மாறுவதற்கே அதைவிட அதிகம் ஆடுகிற மீட்டர் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன சொல்லும்? சொல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. 'வித்தியாசம் இல்லை' என்று சொல்லும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாராவது அவரை மறுபடி அதே தூசிக்குள் அனுப்புவார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். ரிவ்யூவில் உட்காருகிற பெரியவர்களே, 'ப்ளூடூத் இருக்கா, ஆப் இருக்கா' என்று கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "3 லிட்டரை மூணு வேகத்துல தள்ளினா என்னப்பா வருது?" பதில் இல்லை என்றால் மார்க் இல்லை. தப்பாக வருகிறது என்று டேபிள் போட்டுக் காட்டுகிறவனுக்கு முழு மார்க் போடுங்கள், அவன்தான் மீட்டர் செய்திருக்கிறான். மாணவ மணிகளே, 99 சதவீதம் என்ற ஸ்லைடைத் தூக்கிவிட்டு இப்படி எழுதுங்கள்: விநாடிக்கு 1 லிட்டருக்கு மேல் இத்தனை சதவீதப் பிழை, அதற்குக் கீழே இத்தனை, அரை லிட்டருக்குக் கீழே அளக்காது. நோயாளிகளுக்குப் பயன்படுத்தாதீர். மூன்றே வரி. கிளாப்ஸ் கிடைக்காது. ஆனால் படிக்கிறவனுக்கு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரியும். அளவு என்பதற்கு அர்த்தமே அதுதானே?

டிஸ்கி 1: மேலே உள்ள கணக்கெல்லாம் தாளில் போட்டுப் பார்க்கக் கூடியவை. தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் எண்ணோடு வந்து கும்முங்கள். 'எங்கள் காலேஜைச் சொல்கிறாயா' என்று வராதீர்கள். எல்லாக் காலேஜையும்தான் சொல்கிறேன்.

டிஸ்கி 2: சிரிஞ்ச் செய்து யாராவது நான்கு வேகத்திலும் தள்ளிப் பார்த்தால், நல்லதோ கெட்டதோ, நான்கு எண்களையும் அப்படியே போடுங்கள். திருத்தாமல் :-)